கூத்துக்காரர் வீட்டுச் சொந்தங்கள்

சித்தி: கார்த்திக்கு வெள்ளிக்கிழமை ஆண்டு விழா. நாடகத்தில் அவன்தான் கதாநாயகி. பழைய பட்டுப்புடவை ஒன்று வேண்டும், யாரிடம் இருக்கிறது?

பெரியப்பா: கதாநாயகியா? பதினொன்றாவது படிக்கிற பையன். போட்டோ எடுத்து ஊரெல்லாம் அனுப்புவார்கள். வேண்டாம் என்று சொல்.

கார்த்தி: பசங்க பள்ளி பெரியப்பா. வேறு யார் நடிப்பது?

மாமா: காது குத்துக்குக் கிடா சொல்லியாச்சா? நெல்லிக்குப்பத்து ஆள் முன்பணம் கேட்கிறார்.

வள்ளி அத்தை: அம்மாவின் அரக்குப் புடவை இருந்ததே. யார் வீட்டுக்குப் போனதென்று எல்லோருக்கும் தெரியும்.

பெரியம்மா: நான் கேட்டு வாங்கவில்லை வள்ளி. உன் அம்மாவே கொடுத்தார்கள்.

மீனா: பெரியப்பா, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், படியுங்கள். நாடகம் ஷேக்ஸ்பியருடையது. வயோலா என்ற பெண் ஆண் வேஷம் போடுகிறாள். அந்தக் காலத்து இங்கிலாந்திலும் பையன்தான் வயோலாவாக நடித்தான். இதே கதையை 2006இல் ‘ஷீ இஸ் த மேன்’ என்று பள்ளிக்கூடக் காமெடியாக எடுத்தார்கள். பெண்கள் கால்பந்து அணியைக் கலைத்துவிடுவார்கள். அவள் தன்னோடு பிறந்த இரட்டையன் பெயரில் வேறு பள்ளிக்குப் போய் பையன்களோடு ஆடுவாள். ஆம்பிளை நடை, ஆம்பிளைக் குரல் எல்லாம் ஒத்திகை பார்ப்பாள், சிரிப்பே அங்கேதான். பையன்களும் அதைப் பழகித்தானே ஆம்பிளை ஆகிறார்கள்! 2018இல் ‘லவ், சைமன்’. ஆணை விரும்பும் பையனே நாயகன். நான் மட்டும் ஏன் வீட்டில் சொல்ல வேண்டும் என்று யோசிப்பான். உடனே மற்றப் பிள்ளைகள், ‘எனக்குப் பெண்களைத்தான் பிடிக்கும்’ என்று அம்மா அப்பாவிடம் தயங்கிச் சொல்வதுபோல் ஒரு காட்சி. நம் படங்களில் ஆண் புடவை கட்டினாலே தியேட்டர் சிரிக்கும். திருநங்கைகளையும் அப்படித்தான் காட்டினார்கள். திருநங்கைகள் திருவிழாவுக்குக் கூடும் கூவாகம் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நாமும் சேர்ந்து சிரித்தோம்.

மாமா: 👍 அப்புறம் படிக்கிறேன். கிடா?

பெரியப்பா: சினிமா வேறு, வீடு வேறு.

வள்ளி அத்தை: அண்ணா, அப்பா பாஞ்சாலி வேஷம் கட்டியதை மறந்துவிட்டாயா? திருவிழாவுக்கு முதல் நாளே மீசையை எடுத்துவிடுவார். அரிதாரம் பூசி முடித்ததும் அம்மாதான் கொசுவம் வைத்துக் கட்டிவிடுவாள். துகில் உரியும்போது ஒரு ஆள் சிரித்திருப்பாரா? கிழவிகள் கைகூப்பி நின்றார்கள்.

பெரியப்பா: என் வகுப்பில் சிரித்தார்கள் வள்ளி. பாஞ்சாலி மகனே என்றுதான் கூப்பிடுவார்கள்.

வள்ளி அத்தை: இதை நீ சொன்னதே இல்லையே.

கார்த்தி: என் வகுப்பிலும் இரண்டு பேர் சொல்கிறார்கள் பெரியப்பா. எனக்கு இந்த வேஷம் பிடித்திருக்கிறது.

பெரியம்மா: புடவை இரும்புப் பெட்டியில் இருக்கிறது. முந்தானையில் மாமனாரின் அரிதாரக் கறை அப்படியே இருக்கிறது, நான் வெளுக்கப் போடவில்லை. நாளைக்கு மஞ்சக்குப்பம் பக்கம் யார் வருகிறீர்கள்?

வள்ளி அத்தை: நான் வருகிறேன் அண்ணி. ஒரு தடவை பார்க்க வேண்டும்.

மாமா: கிடா ஒன்றா இரண்டா?

பெரியப்பா: ஒன்று போதும். நாடகம் எத்தனை மணிக்கு?

சித்தி: ஐந்தரைக்கு. நீங்களும் வருகிறீர்களா?

பெரியப்பா: பார்க்கலாம்.

கார்த்தி: ரவிக்கைக்கு என்ன செய்வது?