நிக்ஸில் நிறுவிய செயலிகள் தேடலில் வரவில்லை, டெர்மினலில் மட்டும் ஓடுகின்றன

கொக்குவில்காரன்:
வணக்கம். எங்கள் சனசமூக நிலையத்தில் நாலு பழைய கணினிகள் இருக்கின்றன, எல்லாவற்றிலும் உபுண்டு 22.04, க்னோம் திரைச்சூழல். நாலிலும் ஒரே பதிப்பு இருக்கவேண்டும் என்று படம் வரையும் இங்க்ஸ்கேப்பையும் பிள்ளைகளுக்கான கல்விச் செயலி ஜீகாம்ப்ரிஸையும், மென்பொருள் நிறுவும் கருவியான நிக்ஸ் மூலம் நிறுவினேன். டெர்மினலில் பெயரை அடித்தால் இரண்டும் உடனே திறக்கின்றன. ஆனால் சூப்பர் (விண்டோஸ்) விசையை அழுத்தித் தேடினால் ஒன்றுமே வருவதில்லை. வருகிறவர்கள் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள், அவர்களை டெர்மினலில் அடிக்கச் சொல்ல முடியாது. இங்க்ஸ்கேப்பின் டெஸ்க்டாப் கோப்பை (செயலியின் பெயரையும் திறக்கும் கட்டளையையும் சொல்லும் கோப்பு) ஹோமுக்குள் இருக்கும் .லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸில் நகலெடுத்தும் பார்த்தேன், அதுவும் சரிவரவில்லை. எங்கே பிழை விடுகிறேன்?

சாவகச்சேரி அண்ணை:
தம்பி, க்னோம் தேடல் வட்டு முழுவதையும் துழாவுவதில்லை. எக்ஸ்டிஜி_டேட்டா_டிர்ஸ் என்ற சூழல் மாறியில் (நிரல்கள் ஓடும்போது படிக்கும் ஓர் அமைப்பு மதிப்பு) எழுதியிருக்கும் அடைவுகளிலும் உங்கள் .லோக்கல்/ஷேரிலும் அப்ளிகேஷன்ஸ் என்ற உள்ளடைவு இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். நிக்ஸ் தன் கோப்புகளை எல்லாம் /நிக்ஸ்/ஸ்டோருக்குள் வைத்துவிட்டு .நிக்ஸ்-ப்ரொஃபைல்/ஷேர் வழியாக இணைப்புக் கொடுக்கிறது, அந்த இடம் க்னோமுக்குத் தெரியாது. ஹோமில் உள்ள .ப்ரொஃபைல் கோப்பில் அந்த மாறியின் மதிப்புக்கு முன்னால் .நிக்ஸ்-ப்ரொஃபைல்/ஷேரைச் சேருங்கள். கவனம், பழைய மதிப்பை அழித்துவிடாதீர்கள், 22.04இல் பயர்பாக்ஸ் ஸ்னாப் என்ற தனிவகைப் பொதியாக வருவதால் அதுவே தேடலிலிருந்து மறைந்துபோகலாம். மாறி ஏற்கெனவே வெறுமையாக இருந்தால் /யுஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர், /யுஎஸ்ஆர்/ஷேர் இரண்டையும் நீங்களே எழுதவேண்டும், இல்லாவிட்டால் க்னோமே ஒழுங்காக எழும்பாது. பிறகு வெளியேறித் திரும்ப உள்நுழையுங்கள். டெர்மினலை மூடித் திறப்பது போதாது.

கொக்குவில்காரன்:
சொன்னபடி செய்தேன் அண்ணை. மாறியில் புதிய அடைவு இருக்கிறது, பயர்பாக்ஸும் இருக்கிறது, ஆனால் இங்க்ஸ்கேப் இன்னும் இல்லை.

பருத்தித்துறை:
நீங்கள் நகலெடுத்தும் வரவில்லை என்று எழுதியதில்தான் விடை இருக்கிறது. .லோக்கல்/ஷேரை க்னோம் எப்படியும் பார்க்கும், ஆகவே கோப்புக் கிடைத்த பிறகுதான் அதைத் தள்ளிவிடுகிறது. இங்க்ஸ்கேப்பின் டெஸ்க்டாப் கோப்பில் ட்ரைஎக்ஸெக் என்று ஒரு வரி உண்டு. அதில் சொன்ன நிரல், நிரல்களைத் தேடும் அடைவுகளைச் சொல்லும் பாத் மாறியில் கிடைக்காவிட்டால் அந்தச் செயலி நிறுவப்படவில்லை என்று எண்ணி மறைத்துவிடும். அந்த வரி இல்லாத கோப்புக்கும் இதே கதைதான், எக்ஸெக் வரியில் உள்ள நிரலையும் தேடிப்பார்க்கிறது. நிக்ஸ் நிறுவியபோது பாத்துக்காகச் சேர்க்கச் சொன்ன வரியை, டெர்மினலில் ஓடும் பாஷின் அமைப்புக் கோப்பான .பாஷ்ஆர்சியில் ஒட்டினீர்களா? அதைப் படிப்பது டெர்மினல் மட்டும், வரைகலை அமர்வுக்கு அது போய்ச்சேராது. அதையும் .ப்ரொஃபைலுக்கு மாற்றுங்கள்.

கொக்குவில்காரன்:
ஓம், .பாஷ்ஆர்சியில்தான் போட்டிருந்தேன்! மாற்றினேன், மூன்று கணினிகளில் இரண்டு செயலிகளும் தேடலில் வந்துவிட்டன. நாலாவதில் மட்டும் ஒன்றும் மாறவில்லை.

பருத்தித்துறை:
ஹோமில் .பாஷ்_ப்ரொஃபைல் என்று ஒரு கோப்புக் கிடக்கிறதா பாருங்கள். அது இருந்தால் பாஷ் .ப்ரொஃபைலைத் தொடவே தொடாது.

சாவகச்சேரி அண்ணை:
நல்லாய்ப் பிடித்தீர்கள், பாத்தை நான் யோசிக்கவே இல்லை. தம்பி, ஹோம் மேனேஜர் என்ற நிக்ஸ் அமைப்புக் கருவியைப் பாவித்தால் பொது லினக்ஸுக்கென்று ஒரு தெரிவு இருக்கிறது, அதை இயக்கினால் டேட்டா_டிர்ஸைத் தானே பார்த்துக்கொள்ளும். நாலு கணினிக்கும் ஒரே கோப்பு என்பதால் உங்களுக்கு அது வசதி. இன்னொன்று, புதிதாக ஏதும் நிறுவியதும் சிலவேளை தேடலில் உடனே வராது, பிள்ளைகள் வருவதற்கு முன் ஒருமுறை வெளியேறி உள்நுழைந்துவிடுங்கள்.

கொக்குவில்காரன்:
.பாஷ்_ப்ரொஃபைல் இருந்தது, முன்பு யாரோ உருவாக்கி வெறுமையாக விட்ட கோப்பு. அழித்துவிட்டு உள்நுழைந்தேன், நாலாவதிலும் இங்க்ஸ்கேப் வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. பின்னேரம் பிள்ளைகள் வரும்போது எல்லாம் தயாராக இருக்கும்.