சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் வக்கீல் வேலை எப்படி?

கேள்வி: அமெரிக்காவில் இப்போது கம்பெனிகள் பக்கம் நின்று வாதாடுகிறேன். வேலையிடப் பாகுபாட்டுப் புகார்களைக் கவனிக்கும் சம வேலைவாய்ப்பு ஆணையத்துக்கு (ஈஈஓசி) மாறலாமா என்று யோசனை. தினமும் கோர்ட்தானா?

பதில் 1: கோர்ட்டா! பெரும்பாலும் காகிதம்தான். வரும் புகார்களில் ஆணையமே வழக்குப் போடுவது ரொம்பக் கொஞ்சம், மற்றவர்களுக்கு ‘நீங்களே போட்டுக்கொள்ளலாம்’ என்று ஒரு கடிதம் போகும், அது கைக்கு வந்த 90 நாளுக்குள் அவர்கள் கோர்ட்டுக்குப் போயாக வேண்டும்.

பதில் 2: அப்புறம் தேதிக் கணக்கு. பாகுபாடு நடந்ததிலிருந்து புகார் கொடுக்க 180 நாள், மாநிலத்திலும் அதே பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமும் அமைப்பும் இருந்தால் 300. நியாயம் முழுக்கப் புகார் கொடுக்க வந்த அம்மா பக்கம் இருக்கும், ஆனால் நாள் தாண்டியிருக்கும். அதைப் போனில் சொல்வதுதான் கொடுமை.

பதில் 3: வழக்கு ஆணையத்தின் பெயரில் நடக்கும், பாதிக்கப்பட்டவர் உங்கள் கட்சிக்காரர் ஆகிவிட மாட்டார். பழகக் கொஞ்சம் நாளாகும். மற்றபடி, மணிக்கணக்கில் பில் எழுதும் தொல்லை இல்லை, தாராளமாக மாறுங்கள்.