டிஸ்க் நிரம்பிய காலை: வீட்டு சர்வர்க்காரர்களின் கதைகள்

நெல்லைக்காரன்:

கீபோர்டில் பாதி எழுத்து விழாத பழைய லேப்டாப்தான் என் சர்வர். லினக்ஸில் டெபியன் 12, 240 ஜிபி எஸ்எஸ்டி. அப்பா எடுத்த பழைய நெகடிவ்களை ஸ்கேன் செய்து ஒரு வேர்ட்பிரஸ் தளத்தில் போட்டு வைத்திருக்கிறேன். படங்களே 120 ஜிபி வரும். பக்கத்தில் தனி அடாப்டரோடு 1 டிபி வெளி டிஸ்க். தினமும் இரவு 2 மணிக்கு ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் புரோகிராம் அதில் பேக்கப் எடுக்கும்.

போன ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி கரண்ட் போய் வந்தது. லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது, அதனால் அது அசையவில்லை. ‘யுபிஎஸ்ஸே வேண்டாம்’ என்று நான் பெருமையடித்துக்கொண்டிருந்ததும் அதனால்தான். வெளி டிஸ்க்குக்கு ஏது பேட்டரி? அது அணைந்து, திரும்ப எழுந்தது. ஆனால் மவுண்ட் ஆகவில்லை, அதாவது லினக்ஸ் அதைத் தன் ஃபோல்டரோடு இணைக்கவில்லை.

காலையில் தளத்தைத் திறந்தால் டேட்டாபேஸ் கிடைக்கவில்லை என்று ஒரே வரி. இன்னொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போக முடிந்தது. கோப்பின் பெயரில் பாதியை அடித்து டேப்பைத் தட்டினேன். மீதிப் பெயர் வருவதற்குப் பதிலாக, தற்காலிகக் கோப்பு எழுத இடமில்லை என்று, கட்டளை வாங்கும் ஷெல் புலம்பியது. டிஸ்க்கில் இடம் எவ்வளவு என்று காட்டும் டிஎஃப் போட்டால் ரூட் டிஸ்க், அதாவது சிஸ்டம் இருக்கும் எஸ்எஸ்டி, 100 சதவீதம். எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தில் ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்கென்று 5 சதவீதம் ஒதுக்கி வைத்திருப்பார்களே, அதுவும் காலி. தின்றவனும் ரூட்தான் என்று அப்போது உறைக்கவில்லை.

பதற்றத்தில் ரீபூட் செய்தேன். அதுதான் தப்பு. ரீபூட்டில் வெளி டிஸ்க் ஒழுங்காக மவுண்ட் ஆகிவிட்டது. அதோடு தடயமும் மறைந்துவிட்டது. டிஎஃப் நிரம்பிவிட்டது என்கிறது, கோப்புகளை அளக்கும் டியு போட்டு ரூட் டிஸ்க்கில் இருப்பதைக் கூட்டினால் 130 ஜிபி கூட வரவில்லை. அழித்த கோப்பை ஏதாவது புரோகிராம் பிடித்துக்கொண்டிருந்தால் இப்படி ஆகும், ஆனால் ரீபூட்டுக்குப் பிறகு அதற்கு வழியில்லை. சிஸ்டம் எழுதி வைக்கும் ஜர்னல் லாக்கைக் குறைத்து 3 ஜிபி மீட்டேன், டேட்டாபேஸ் எழுந்தது. மீதி எங்கே?

டீ குடிக்கும்போதுதான் பொறி தட்டியது. டிஸ்க் இல்லாவிட்டாலும் மவுண்ட் செய்யும் ஃபோல்டர் இருக்கிறது. ரூட்டாக ஓடும் ஆர்சிங்க்குக்கு அது வெறும் ஃபோல்டர். அங்கே ஒன்றுமே இல்லையே என்று எல்லாப் படங்களையும் முதலிலிருந்து எழுத ஆரம்பித்திருக்கிறது, எஸ்எஸ்டியிலேயே. அதன் மேல் வெளி டிஸ்க் மறுபடி உட்கார்ந்ததும் அடியில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. பாய்க்கு அடியில் நெல் கொட்டிய கதை. ரூட் டிஸ்க்கை வேறொரு ஃபோல்டரிலும் தெரியும்படி பைண்ட் மவுண்ட் செய்து பார்த்தேன். சுமார் 95 ஜிபி, அங்கேதான் கிடந்தது.

அழிக்கப் போகும்போது கை நடுங்கியது. எந்த நகலை அழிக்கிறேன்? அன்மவுண்ட் செய்து, வெளி டிஸ்க்கின் யுஎஸ்பி வயரையே உருவி மேசை மேல் வைத்துவிட்டுத்தான் என்டர் தட்டினேன்.

இப்போது பேக்கப் ஸ்கிரிப்டின் முதல் வேலையே ‘மவுண்ட்பாயிண்ட் -க்யூ’ சோதனை. டிஸ்க் இல்லையென்றால் அங்கேயே நின்று எனக்கு மெயில் போடும். காலியாக இருந்த ஃபோல்டருக்கு ‘சிஎச்ஏடிடிஆர் +ஐ’யும் போட்டேன். இனி டிஸ்க் இல்லாதபோது ரூட்டே முயன்றாலும் அதில் எழுத முடியாது.

கோவைவாசி:

அண்ணா, என்னுடையது நானே தேடிப்போன வம்பு. எல்லாம் பூட்டுப் போட்ட எச்டிடிபிஎஸ்தானே என்று, சாதா எச்டிடிபி வரும் 80-ஆம் போர்ட்டை ரூட்டரில் மூடினேன். பாதுகாப்பாம்! எச்டிடிபிஎஸ்ஸுக்கு லெட்ஸ் என்கிரிப்ட் தரும் சான்றிதழுக்கு 90 நாள் ஆயுள். 30 நாள் மிச்சமிருக்கும்போது செர்ட்பாட் என்ற புரோகிராம் அதைப் புதுப்பிக்கப் பார்க்கும். நான் வைத்திருந்த முறையில், தளம் என்னுடையதுதானா என்ற சோதனைக்கு லெட்ஸ் என்கிரிப்ட்காரர்கள் 80-இல்தான் வந்து கதவைத் தட்டுவார்கள். ஒரு மாதம் தட்டியிருக்கிறார்கள், நான் லாக்கைப் பார்க்கவே இல்லை. காலாவதி நினைவூட்டும் மெயிலையும் அவர்கள் 2025-இல் நிறுத்திவிட்டார்கள். தங்கை ரிசப்ஷன் படங்களைப் பார்க்கப் போன மச்சான்தான் போன் போட்டு, ‘உன் சைட்டுக்குப் போனா திருட்டுப் பயல்னு காட்டுது’ என்றார். இப்போது டொமைனின் டிஎன்எஸ் பதிவு வழியாகப் புதுப்பிக்கிறேன், 80-ஐத் திறக்கவே வேண்டாம்.

புதிதாக வந்தவன்:

நான் இன்னும் அந்தக் கட்டத்துக்கே வரவில்லை. வெளியிலிருந்து வருவதை ரூட்டர் சர்வருக்குத் தள்ளும் போர்ட் ஃபார்வர்டு எல்லாம் சரியாக இருந்தும் வெளியிலிருந்து தளம் திறக்கவில்லை. ரெண்டு வாரம் வெப் சர்வரான என்ஜின்எக்ஸைத் திட்டினேன். அப்புறம்தான் ரூட்டரின் வெளிப்பக்க (வான்) ஐபி முகவரி 100.72 என்று ஆரம்பிப்பதைக் கவனித்தேன். 100.64 முதல் 100.127 வரை, பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கும் சிஜிநாட்டுக்கானது, நமக்கென்று பொது முகவரியே கிடையாது. பொது முகவரியுள்ள சின்ன விபிஎஸ் (மெய்நிகர் சர்வர்) ஒன்றை வாடகைக்கு எடுத்து, அதிலிருந்து வீட்டுக்கு வயர்கார்டு என்ற விபிஎன் டன்னல் போட்ட பிறகு திறந்தது. நெல்லை அண்ணா, அந்த மெயில் நிஜமாகவே வருமா, சோதித்தீர்களா?

நெல்லைக்காரன்:

நேற்று ராத்திரி 1.55-க்கு அடாப்டரைப் பிடுங்கிப் பார்த்தேன் தம்பி. 2.01-க்கு வந்தது, ஸ்பேம் ஃபோல்டரில்.