வெள்ளம் வடிந்த பிறகு என்ன உதவி தேவை? கொழும்புக்குப் பக்கத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தெமட்டகொடைவாசி:
தென்மேல் பருவமழை நெருங்குகிறது. எங்கள் தெருப் பொடியன்கள் சேர்ந்து, களனி கங்கை பெருகினால் உதவலாம் என்று காசு சேர்க்கிறோம். ஆனால் ஒவ்வொரு முறையும் முதல் இரண்டு மூன்று நாள் முகாம் போட்ட பள்ளிக்கூடத்தில் சோற்றுப் பார்சல் வந்து குவியும், பாதி பழுதாகிப்போகும், தண்ணி இறங்கினதும் ஒருவரையும் காணக் கிடைக்காது. சனம் வீட்டுக்குத் திரும்பும்போதுதானே கஷ்டமே தொடங்குகிறது? அந்த நேரத்துக்கு என்ன வாங்கி வைக்கலாம்?

வெல்லம்பிட்டி அக்கா:
நல்ல கேள்வி தம்பி. 2016 மேயில் எங்கள் வீட்டில் ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணி நின்றது. திரும்பிப் போனால் கதவைத் திறக்கவே முடியவில்லை, உள்ளே அலுமாரி சரிந்து கிடந்தது. சேறு ஈரமாக இருக்கும்போதே வழித்துத் தள்ளவேண்டும், காய்ந்தால் சீமெந்து மாதிரி. அதற்கு மண்வெட்டி, தும்புத்தடி, ரப்பர் கையுறை, பூட்ஸ், ப்ளீச்சிங் பவுடர் வேண்டும், எல்லாவற்றையும் விட ஆள் வேண்டும். நனைந்த மெத்தை ஒன்றை வெளியே எடுக்கவே நாலு பேர் தேவை, வயதானவர்கள் தனியாக இருக்கிற வீடுகளில் யார் தூக்குவது? பெண்களுக்கு நாப்கினும் உள்ளாடையும் கட்டாயம் வையுங்கள், ஆண்களிடம் வாய் திறந்து கேட்கமாட்டார்கள்.

இன்னொன்று, பிள்ளைகளின் கொப்பிகள். என் மகளின் விஞ்ஞானக் கொப்பி பக்கத்துக்குப் பக்கம் ஒட்டி, மை கரைந்து, தாள் முழுக்க நீலமாகிவிட்டது. ஓ.எல். (சாதாரண தரப்) பரீட்சை எழுதுகிற வருஷம். புதுக் கொப்பி தர ஆள் இருந்தது, அதில் எழுதியிருந்த பாடத்தை யார் தருவார்? வெள்ளம் போகாத வீட்டுப் பிள்ளைகளின் குறிப்புகளை வாங்கி போட்டோகொப்பி அடித்துக் கொடுத்தால் பெரிய புண்ணியம்.

ஓய்வுபெற்ற பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்):
துப்புரவுக்குப் போகிற பொடியன்களையும் கவனியுங்கள். எலிக்காய்ச்சல் வருவது அந்தச் சேற்றிலும் தேங்கின தண்ணியிலும்தான், காலில் சின்ன வெட்டு இருந்தாலே போதும். முன்கூட்டிக் குடிக்கிற டொக்சிசைக்கிளின் குளிசையை நீங்களாக வாங்கிப் பங்கிட வேண்டாம், அந்தப் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். காய்ச்சலும் தசை நோவும் வந்தால் பனடோலோடு படுத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கிணறு இருந்தால் இறைத்துக் குளோரின் போடும்வரை குடிக்கவே கூடாது. வெளியே எறிந்த சிரட்டை, டயர், உடைந்த வாளியில் தண்ணி தேங்க விடாதீர்கள். 2017 மே வெள்ளமும் மண்சரிவும் 200 பேருக்கு மேல் பலியெடுத்தன, அந்த வருஷமே டெங்கு நோயாளர் 186,000ஐத் தாண்டியது. டெங்கு முன்னமே பரவியிருந்தது, வெள்ளக் குப்பை அதற்கு இன்னும் வாய்ப்புக் கொடுத்தது.

கடுவளை ரவி:
அக்கா சொன்னதெல்லாம் சரி, ஆனால் என் கணக்கில் முதலில் காசு. நாட்கூலிக்காரருக்கும் த்ரீவீல் ஓட்டுகிறவருக்கும் முகாமில் இருந்த நாளெல்லாம் வருமானம் இல்லை, வெளியே வந்ததும் நகையை அடகு வைக்கிறார்கள். நட்டஈட்டுக்குக் கிராம சேவகரிடம் பதியவேண்டும், வாடகைக்கு இருப்பவர்களும் அடையாள அட்டை தண்ணியோடு போனவர்களும் அங்கேதான் அலைகிறார்கள். படிவம் நிரப்பத் தெரிந்த இரண்டு பேரைக் கூட்டிப்போங்கள், சேறு வழிக்க முதல் வீட்டைப் போட்டோவும் எடுத்துக் கொடுங்கள்.

அப்புறம், கொழும்பில் மழை விட்டதும் ஆபத்து போய்விட்டது என்று நினைக்கிறார்கள். ஆற்றின் மேல்பக்கம் கித்துல்கலையில் பெய்தது இங்கே வந்துசேர நேரமெடுக்கும், வெயில் எறிக்கும்போதே தண்ணி ஏறும். கள்வருக்குப் பயந்து ஆம்பிளைகள் வீட்டை விட்டு வரமாட்டார்கள். களனி கங்கையை அளக்கிற ஹங்வெல்லை, நாகலகம் வீதி நிலையங்களின் நீர்மட்டத்தைப் பார்த்து ஏறுகிறதா என்று சனத்துக்குச் சொல்லுங்கள். அவசரமென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள்.

தெமட்டகொடைவாசி:
எல்லாருக்கும் நன்றி. பார்சல் காசில் பாதியை அப்படியே ஒதுக்கி வைக்கிறோம், தண்ணி வடிந்த பிறகுதான் எடுப்போம். அக்கா, உங்கள் பக்கம் தனியாக இருக்கிற வயதானவர்கள் யார் யார் என்று இப்போதே கேட்டு வைக்க முடியுமா? பெயர்களை இங்கே போடவேண்டாம், தனியாக அனுப்புங்கள்.