நரம்பு சேர்ந்துவிட்டது, விரல்தான் குழம்புகிறது: உணர்வுப் பயிற்சிக்கு ஆள் தேவை

மதினிக்கு வலது மணிக்கட்டில் கண்ணாடி கிழித்து மீடியன் நரம்பு (கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரலுக்கு உணர்வு தரும் நரம்பு) அறுந்துவிட்டது. நடந்தது போன சித்திரையில். மறுநாளே ஆபரேஷன் செய்து தைத்தார்கள். ஊர் முக்கூடல், தொழில் பீடி சுற்றுவது.

நரம்பு நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும் என்றார்கள். அப்படியே விரல் நுனிவரை உணர்வு வந்துவிட்டது. ஆனால் ஆள்காட்டி விரலைத் தொட்டால் நடுவிரல் என்கிறார். கண்ணை எடுத்தால் விரலிடையில் இருப்பது இலையா நூலா என்று தெரியவில்லை. சுருட்டும்போதே தூள் சுளகில் கொட்டிவிடுகிறது.

மெத்தில்கோபாலமின் (பி12 வைட்டமின்) மாத்திரை, மெழுகு ஒத்தடம், பந்து அமுக்குவது எல்லாம் பார்த்தாயிற்று. பிடிக்குப் பலம் வந்தது, குழப்பம் போகவில்லை. பக்கத்து வீட்டு ஆச்சி தந்த தைலம் நல்ல மணம், அவ்வளவுதான்.

டாக்டர் சொன்ன காரணம்: செய்தி வராத மாதங்களில், மூளையில் அந்த விரல்களுக்கு உரிய இடத்தைப் பக்கத்துப் பகுதிகள் பிடித்துக்கொள்ளும். மூளை ஆய்வாளர் மெர்செனிக்கின் குழு 1983-இல் குரங்குகளிடம் இதைக் காட்டியிருக்கிறது. திரும்ப வளரும் இழைகளும் பழைய இடத்துக்கே போய்ச் சேர்வதில்லை, ஒயர் மாற்றிக் கொடுத்த சுவிட்ச் போர்டு மாதிரி. அதனால் பார்த்துத் தொட்டு, அப்புறம் கண்ணை மூடித் தொட்டு, மூளைக்கே மறுபடி பழக்க வேண்டுமாம். வீட்டில் உளுந்தும் கொண்டைக்கடலையும் வைத்துத் தொடங்கியிருக்கிறோம். செய்கிற முறை சரியா என்று பார்த்துச் சொல்லத்தான் ஆளில்லை.

அம்பாசமுத்திரம், பாளையங்கோட்டை, தென்காசி பக்கம் கைக்கு இந்த உணர்வுப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளுக்குக் கையைப் பழக்கும் சிகிச்சையாளர்) யாரையாவது தெரியுமா?