மருமகன் சாப்பாடும் என் நடையும்: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

பாளையங்கோட்டையிலிருந்து:
போன வருஷம் தொப்பையைக் குறைக்கணும்னு அக்கா மகனோட வ.உ.சி. மைதானத்துக்குக் காலையில நடக்கப் போனேன். அவன் காவலர் தேர்வுக்கு ஓடுறவன். 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள்ள முடிக்கணும். போறதுக்கு முன்னாடி ரெண்டு வாழைப்பழம், வந்ததும் ஆறு இட்லி, நாலு முட்டை, மதியம் தட்டு நிறைய சோறு. நல்ல சாப்பாடுதானேன்னு நானும் அதையே சாப்பிட்டேன். மூணு மாசத்துல ரெண்டு கிலோ கூடிருச்சு. மனசே விட்டுப்போச்சு.

அவன்தான் சொன்னான்: "மாமா, நான் திங்கதெல்லாம் ஓட்டத்துல கரைஞ்சிரும். நீங்க நடக்கதுக்கு இவ்வளவு வேண்டாம்." கணக்குப் போட்டேன். என் 40 நிமிஷ நடைக்குச் செலவாகிறது சுமார் 200 கலோரி. அந்த ரெண்டு வாழைப்பழத்துலயே அவ்வளவும் வந்துருது. சோத்தைப் பாதியாக்கி, அந்த இடத்துல அவரைக்காய், புடலங்காய்ப் பொரியலை வச்சேன். முட்டையை விடல. போன மாசம் ஒரு மறுவீட்டுல சொதிச் சாப்பாடு (தேங்காய்ப்பால் குழம்பு); அதையும் விடல, ரெண்டாவது தடவை சோறு மட்டும் வாங்கல. வாரம் மூணு நாள் உட்கார்ந்து எழும்புற பயிற்சியும் உண்டு, ஏன்னா சாப்பாட்டை மட்டும் குறைச்சா கொழுப்போட தசையும் கரையும். இப்ப பெல்ட்ல ரெண்டு ஓட்டை உள்ள போயிருக்கு.

அம்பாசமுத்திரத்திலிருந்து:
எனக்கு எடை பிரச்சினையே இல்ல அண்ணாச்சி, சர்க்கரைதான். காலையில ஒரு மணி நேரம் நடந்தும், சாப்பிட்ட பிறகு பார்க்கிற அளவு 220க்குக் கீழ இறங்கல. டாக்டரம்மா நடையைப் பிரிக்கச் சொன்னாங்க: மூணு வேளையும் சாப்பிட்டு முடிச்சு 15 நிமிஷம். வேலை செய்யற தசை ரத்தத்துல உள்ள சர்க்கரையை இழுத்துக்கிடுமாம். ராத்திரி பாத்திரத்தைப் போட்டது போட்டபடி விட்டுட்டு ஆத்துப்பக்கம் போயிட்டு வருவேன். பொரியலை முதல்ல, சோத்தைக் கடைசியில சாப்பிடுதேன். இப்ப 170. இன்சுலின் போடுறவங்க மட்டும் டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் செய்யுங்க, திடீர்னு இறங்கிரும்.

வள்ளியூரிலிருந்து:
நான் உங்க ரெண்டு பேருக்கும் நேர்மாறு. 55 கிலோ, உடம்பு ஏறணும். ஜிம்ல புரதப் பவுடர் டப்பா வாங்கச் சொல்லி நச்சரிச்சாங்க. தசை ஏற, உடம்பு எடையில கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.6 கிராம் புரதம், அப்ப எனக்கு 88. ஒரு வாரம் எழுதி வச்சுப் பார்த்தா ஒரு நாளைக்கு 45 கூடத் தேறல. அதனால சாப்பாட்டை மாத்திட்டேன்: நாலு முட்டையில 24, நூறு கிராம் பாசிப்பயறுல 24, மதியம் 150 கிராம் மீன்ல 30. மிச்சத்தைச் சோறும் தயிரும் பார்த்துக்கிடும். டப்பா வாங்கல. அம்மா ராத்திரியே பயறை ஊறப்போட்டு, காலையில நான் கிளம்புறப்போ சுண்டலா டிபன்பாக்ஸ்ல கையில திணிக்காங்க.