புதுப்பிப்பு: ஓய்வுநிலை மூளை அலைப் பதிவுகளும் இயந்திரக் கற்றலும்

எந்த வேலையும் செய்யாமல் ஓய்வாக இருப்பவரின் தலையில் மின்முனைகளைப் பொருத்தி எடுக்கும் ஓய்வுநிலை மூளை அலைப் பதிவைக் கொண்டு, ஒருவரின் கண்கள் திறந்திருந்தனவா மூடியிருந்தனவா என்பதை எடுத்துக்காட்டுத் தரவிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் இயந்திரக் கற்றல் நிரலால் கணிக்க இயலுமா என்று முந்தைய இழையில் கேட்டிருந்தேன். பிசியோநெட் என்ற மருத்துவத் தரவுத் தளத்தில் பொதுவில் கிடைக்கும், 109 பேரிடம் 64 மின்முனைகளைக் கொண்டு எடுக்கப்பட்ட தரவுத்தொகுப்பில் இரு நிலைகளுக்கும் தலா ஒரு நிமிடப் பதிவு இருப்பதால், அதையே பயன்படுத்தினேன்.

பெரும்பாலானவர்களிடம் கணிக்க இயலுகிறது, இதில் வியப்பில்லை. கண்களை மூடியதும் பின்தலைப் பகுதியில் 8 முதல் 13 ஹெர்ட்ஸ் வரையிலான ஆல்ஃபா அலை வலுப்பெறுவது மனித மூளை அலைகளை முதன்முதலில் பதிவுசெய்த ஹான்ஸ் பெர்கர் காலத்திலிருந்தே அறியப்பட்ட செய்தி. ஆல்ஃபா இயல்பாகவே மங்கலாக உள்ள சிலரிடம் மட்டும் நிரல் தடுமாறுகிறது.

தரவைப் பிரிக்கும் முறை பற்றி முந்தைய இழையில் எழுந்த எச்சரிக்கைதான் உண்மையில் கனமானது. ஒருவரின் பதிவைச் சில வினாடித் துண்டுகளாக வெட்டி, அவற்றைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் கலந்து பகிர்ந்தால், நிரல் அந்த ஆளுக்கே உரிய அலை வடிவத்தை மனப்பாடம் செய்துகொள்ளும். இங்கே ஒரே ஆள் கண் திறந்த, மூடிய இரு வகுப்புகளிலும் இடம்பெறுவதால் இந்தக் கசிவின் (சோதனைக்குரிய தகவல் பயிற்சிக்குள் புகுந்துவிடுவதன்) பாதிப்பு குறைவு. நோயுள்ளவர், நோயற்றவர் என்று ஆட்களையே வகைப்படுத்தும் ஆய்வில் அது முடிவையே செல்லாததாக்கிவிடும். ஆகவே பயிற்சியில் இடம்பெற்ற எவரும் சோதனையில் வராதபடி ஆள்வாரியாகவே பிரித்திருக்கிறேன். (துண்டுவாரிப் பிரிப்பில் வரும் பளபளப்பான துல்லிய எண்களை நான் பொருட்படுத்துவதில்லை.)

அடுத்து, 20 ஹெர்ட்ஸுக்கு மேல் கலக்கும் நெற்றி, தாடைத் தசைகளின் மின்னோட்டத்தை நீக்கிய பின்னும் கணிப்பு நிலைக்கிறதா என்று பார்க்கவிருக்கிறேன்.